ஆயுத பூஜையன்று காற்றை அளந்தார்கள்

1

போன புரட்டாசியில் ஒரு மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கதவுக்கு உட்பக்கம் தரையில் ஒரு வழவழப்பான தாள் கிடந்தது. இங்கிலாந்தின் வடபக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்த நகரத்தில் தபால்காரர் மணி அடிப்பதில்லை. கதவிலிருக்கும் ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் பீட்சாக் கடை விளம்பரமாகத்தான் இருக்கும். இது நகரசபை அனுப்பியது. எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று வரப்போகிறதாம். அதுபற்றி என்னுடைய கருத்து அவர்களுக்கு மிக மிக முக்கியமாம்.

ஒரு நகரசபைக்கு என் கருத்து முக்கியம் என்று என் வாழ்நாளில் அதுவரை யாரும் சொன்னதில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். ஆலை வேண்டுமா வேண்டாமா என்றுதான் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அது எப்போதோ முடிவாகிவிட்டது. புகைபோக்கிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதில்தான் பொதுமக்களின் உதவி தேவைப்பட்டது. மூன்று நிறங்கள் கொடுத்திருந்தார்கள்: மேகச் சாம்பல், காலை வானம், இளம்புல். பிடித்ததற்கு நேராக டிக் அடித்து அனுப்ப வேண்டும், தபால்தலை ஒட்டத் தேவையில்லை.

என் மனைவி வாணி இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "காலை வானம் நல்லாயிருக்கு" என்றாள். எதை அடித்தாலும் கொஞ்ச நாளில் மேகச் சாம்பல் ஆகிவிடும் என்று நான் சொன்னதை அவள் பொருட்படுத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் போனில் என் தங்கை சுமதியின் குரல் பதிவு வந்தது. "ண்ணா, நாளைக்கி காத்த அளக்க மிஷினு கொண்டாராங்க. எல்லாரும் ஊட்டுல இருக்கற நாளா பாத்து வரச் சொல்லியிருக்கோம். இனிமே ஒருத்தனும் பொய் சொல்ல முடியாது, பாரு" என்றாள். அவ்வளவு தெம்பாக அவள் பேசிக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. சந்தோஷமாக ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடுத்த நாள் புதன்கிழமை. இங்கே விற்கும் காலண்டரில் அதற்குமேல் எதுவும் போட்டிருக்காது.

2

எங்கள் ஊர் ஓசூருக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே ஒரு நகராட்சி இருக்கிறது, அதற்கு மனசு புண்படும்.

தொழிற்பேட்டை வந்த காலத்தில் அந்த நகராட்சி ஒரு மூன்றுமாடிக் குடியிருப்பைக் கட்டி, தொழிலாளர்களுக்குத் தவணையில் கொடுத்தது. அப்பா ஊத்தங்கரைப் பக்கத்துக் கூலிவேலையை விட்டுவிட்டு வந்து போல்ட் நட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்தவர். தவணை கட்டி முடித்த அன்று அந்த வீட்டின் முன்வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும்தான், பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு சுமதியும் அவள் கணவர் முருகேசனும் மகள் யாழினியும் அங்கே இருக்கிறார்கள். முருகேசனுக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம். வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சுமதிக்கு மின்சார வயர் கட்டும் கம்பெனியில் வேலை.

குடியிருப்பின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு நகராட்சியின் குப்பைமேடு இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அது ஆலையாகப் பதவி உயர்வு பெற்றது. முன்பெல்லாம் குப்பை தானாகவே பற்றிக்கொண்டு எரியும், அதற்குப் பெயர் சீர்கேடு. இப்போது ஒப்பந்தக்காரர் உலையில் போட்டு எரிக்கிறார், அதற்குப் பெயர் விஞ்ஞான மேலாண்மை. திறப்பு விழாவில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பூச்செடி கொடுத்தார்கள். சுமதிக்குக் கிடைத்தது செம்பருத்தி. நன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், அது பூக்கவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

புகையிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அது மாநிலம் பார்ப்பதில்லை. காலையில் காற்று கர்நாடகப் பக்கம் அடிக்கும். அங்கே இருக்கிறவர்கள் அங்குள்ள அதிகாரியிடம் போவார்கள். புகைபோக்கி தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்று அவர் கன்னடத்தில் சொல்லி அனுப்புவார். சாயங்காலம் காற்று திரும்பிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் இங்குள்ள அதிகாரியிடம் போவார்கள். லாரியெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கத்து நம்பர், அவர்களைப் போய்க் கேளுங்கள் என்று இவர் தமிழில் சொல்லுவார். எங்கள் வார்டு கவுன்சிலருக்கு மூன்று பாஷையும் வரும். ஓட்டுக் கேட்பது தெலுங்கில், வாக்குக் கொடுப்பது தமிழில், ஒப்பந்தக்காரரோடு டீ குடிப்பது கன்னடத்தில்.

யாழினிக்கு எட்டு வயது. சாயங்காலம் ஆனால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். தூங்கும்போது நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். போனிலேயே அதை நான் கேட்டிருக்கிறேன். நெபுலைசர் வைக்காத ராத்திரி குறைவு. டாக்டர் மிகச் சுலபமான வைத்தியம் ஒன்று சொன்னார், வீட்டை மாற்றுங்கள் என்று.

"ஊட்ட எதுக்கு மாத்தணும்? எங்கப்பா கட்டுன தவணை" என்று சுமதி அவரிடமே கேட்டுவிட்டாள். "பொகைய மாத்தச் சொல்லுங்க சார்."

அவளுடைய கோரிக்கை அவ்வளவுதான். அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்த வீட்டிலேயே பிள்ளை மூச்சு விட வேண்டும். நகராட்சிக்கு வேறு யோசனைகள் இருந்தன. ஆலைக்கு இரண்டாவது உலை வைக்க வேண்டும் என்பது ஒன்று. கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துவிட்டு மறுகட்டுமானம் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. இடித்தால் இதே இடத்தில் கட்டித் தாருங்கள் என்று குடியிருப்போர் சொன்னார்கள். நகராட்சி அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னது. பரிசீலனை என்றால் என்ன என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உலை விஷயத்தில் மட்டும் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் விடாமல் நச்சரித்து, முதலில் காற்றை அளக்க வேண்டும், அதற்கப்புறம்தான் தீர்மானம் என்று ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்கள்.

3

எந்த நாளில் அளப்பது என்று நகராட்சி நியமித்த தனியார் ஆய்வுக்கூடம் மரியாதையாகக் கேட்டது. இந்த இடத்தில் எங்கள் பகுதியின் வாழ்க்கைமுறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்தக் குடியிருப்பில் ஒரே நேரத்தில் எல்லாரும் விழித்திருப்பது கிடையாது. ஒரு வீட்டில் புருஷன் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர் படுக்கப் போவார். ஒரு கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை, இன்னொன்றுக்கு வியாழன். மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பையன்கள் லீவு கிடைத்தால் பஸ் ஏறிவிடுவார்கள். நாம் எல்லாரும் கூட இருந்தால்தான் அளக்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்பது சங்கத்தின் கருத்து. வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய ஷிப்டையும் போட்டு அலசினார்கள். எல்லாக் கம்பெனியும் ஒன்றாக மூடி, எல்லாரும் ஊரிலேயே இருக்கிற நாள் வருடத்துக்கு ஒன்றுதான் தேறியது. ஆயுத பூஜை.

எல்லாக் கம்பெனியும் மூடியிருக்கும் நாளில் ஆலையும் மூடியிருக்குமே என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களில் பாதிப் பேர் சூப்பர்வைசர்கள். காரணமும் லேசில் புரியக்கூடியதுதான். அவர்களைப் பொறுத்தவரை கம்பெனி என்பது சம்பளம் கொடுக்கிற இடம். சுவருக்குப் பின்னால் இருப்பது பீடை. பீடைக்கு ஏது லீவு?

ஆய்வுக்கூடத்து ஆள் லீவு நாளில் வர முதலில் முகம் சுளித்தாராம். நகராட்சியிலிருந்து, மக்கள் விரும்பும் நாளிலேயே போய்வாருங்கள் என்று உடனே பதில் வந்தது. நகராட்சி எங்கள் ஆட்கள் கேட்டதை மறுபேச்சில்லாமல் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அப்போதாவது யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

4

புதன்கிழமை நான் வேலையில் இருந்தபோது சுமதியிடமிருந்து வீடியோ வந்தது. மதிய இடைவேளையில் சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

மொட்டைமாடி. நடுவில் காற்றை அளக்கும் கருவி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் நெற்றியில், அதாவது நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், சந்தனம் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. காலடியில் எலுமிச்சம்பழம், பொரி, கடலை, வாழைப்பழம். மூன்றாவது மாடி நாகரத்தினம்மா அதைச் சுற்றிச்சுற்றி வந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். புகை கருவியின் வாய்க்குள் ஒரு பொட்டு வீணாகாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் போன் செய்தேன். முருகேசன் எடுத்தார்.

"என்ன மாப்ள இது?"

"பூஜைங்க மச்சான். மிஷினுன்னு நம்ம எடத்துக்கு வந்துட்டா, அதுவும் இன்னிக்கி, பொட்டு வெக்காம உட முடியுங்களா?"

"அது காத்த அளக்கற மிஷினு மாப்ள. அதுங்கிட்ட போயி சாம்பிராணி போடறாங்க."

"நாகரத்தினம்மா மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் வெச்சாங்க. இதுக்கு வெக்கலன்னா நல்லாயிருக்காதுன்னு அவங்கதான் சொன்னாங்க. லேப்காரரே செருப்பக் கழட்டிட்டு வந்து கற்பூரம் தொட்டுக்கிட்டாருங்க."

நான் வேலை பார்ப்பது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில். ஒரு கருவியைத் தொடுவதற்கு முன் கையுறை போட்டு, அறையின் சூட்டை ஒரே அளவில் வைத்து, மூச்சைக்கூட அதன்மேல் விடாமல் நிற்கிற ஆள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஊழியர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, யாருடையதாவது சமாதியா என்று மரியாதையாகக் கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. "மாப்ள, கேமராவ கொஞ்சம் பின்பக்கம் திருப்புங்க" என்றேன். திருப்பினார். ஆலையின் புகைபோக்கி நீல வானத்தில் பளிச்சென்று நின்றது. அடியில் மாவிலைத் தோரணம், வாழைக்கன்று. உலையை முந்தின நாளே அணைத்துக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆலையிலிருந்து ஒரு தட்டு நிறையப் பொரியும் சுண்டலும் குடியிருப்புக்கு வந்ததாம். நல்லாயிருந்துச்சி என்றார் முருகேசன்.

அறிக்கை ஐப்பசி கடைசியில் வந்தது. ஆலையிலிருந்து புகை வெளியேறியதற்கான அறிகுறி ஏதும் இல்லை. ஆனால் மேற்படி குடியிருப்பின் மாடியில் காற்றில் புகைத்துகள் மிகுதியாகக் காணப்படுகிறது. இது குடியிருப்பவர்களின் வீட்டு வழிபாட்டுப் பழக்கங்களால் ஏற்படுவதாகத் தெரிகிறது. அவர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்துவது நலம்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து, காற்றை மாசுபடுத்தாமல் வாழ்வது எப்படி என்று சுமதிக்கு விழிப்புணர்வு ஏற்படுத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது யாழினி உள்ளே முகமூடியை மாட்டிக்கொண்டு நெபுலைசர் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருவருக்குப் புகையில் இருமல் வந்து, அவருக்கு இவர்கள்தான் தண்ணீர் கொடுத்தார்கள்.

5

இதே சமயத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு போராளி உருவாகிக்கொண்டிருந்தாள். என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு குழுவில் சேர்ந்து, இங்கே வரப்போகும் ஆலையை எதிர்த்து நகரசபையில் பேசப் பெயர் கொடுத்துவிட்டாள். பொதுமக்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம். பேசுகிறவர் முன்னால் ஒரு விளக்கு இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் வாக்கியத்தின் நடுவிலானாலும் உட்கார்ந்துவிட வேண்டும்.

நானும் போனேன். கவுன்சிலர்கள் வட்டமாக உட்கார்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிலா எழுந்து, இந்த நகரத்துக் குழந்தைகளின் நுரையீரலைப் பற்றி இந்த நகரத்து உச்சரிப்பில் பேசினாள். குரல் நடுங்கவே இல்லை. சிவப்பு விளக்கு வந்தது, உட்கார்ந்தாள். தலைவர், மிக அருமையாகப் பேசினீர்கள், உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம், நன்றி என்றார். எங்கள் ஊரில் பேச விடமாட்டார்கள். இங்கே பேச விட்டுவிட்டு நன்றி சொல்லுவார்கள். எது அதிக அவமானம் என்று என்னால் இன்னும் முடிவு கட்ட முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் அத்தை வீட்டு ஆலையைப் பற்றிச் சொன்னேன். முதல்தடவையாகச் சொன்னேன் என்பதை அவள்தான் சுட்டிக்காட்டினாள். உடனே அத்தைக்கு வீடியோ கால் போட வேண்டும் என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசினால் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்கிவரும்.

"அத்தை, நீங்க தினமும் ஸ்மோக் சாப்பிடுறீங்களா?"

சுமதி சிரித்தாள். "ஆமா கண்ணு, மூணு வேளையும்."

"ஏன் அத்தை அப்ஜெக்ஷன் குடுக்கல?"

"குடுத்தோம் கண்ணு. மாலை போட்டுக் குடுத்தோம்."

நிலாவுக்குப் பாதி புரியவில்லை. போனை வைத்த பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், ஆலை ஓடுகிற ஒரு சாதாரண நாளில் மறுபடி அளந்தால் என்ன என்று. குடியிருப்போர் சங்கம், வாட்ஸ்அப் குழு, நான், ஒருவரும் அதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை. நாங்களெல்லாம் ஆய்வுக்கூடத்தைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தோம். தமிழில் அத்தையிடம் ஒரு வாக்கியத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத பெண் எங்கள் குடும்பத்துக்கு வழி சொன்னாள். பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கு அது அப்பாவின் ஊர்ப் பிரச்சினை, தன்னுடையது இல்லை என்பதும் அவள் பேச்சிலேயே தெரிந்தது. அது வலித்தது.

6

மறுபடி அளக்க வைப்பதற்குள் தை பிறந்துவிட்டது. நான் இங்கிருந்து நகராட்சிக்கு மின்னஞ்சல்களாக அனுப்பினேன். அந்தப் பெட்டி நிரம்பிவிட்டது என்று மட்டும் பதில் வந்தது. சுமதிதான் நேரில் போய் நின்றாள். கவுன்சிலர் மூன்று பாஷையிலும் அவளைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். அவள் தமிழில் மட்டும் நின்றாள். வேலைநாளில், ஆலை ஓடும்போது, எங்கள் மாடியிலேயே அளக்க வேண்டும். கடைசியில் அவளுடைய தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார்கள்.

அளக்கிற நாளில் சுமதி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கருவியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குடியிருப்புக்கு அவள் போட்ட சட்டங்களைக் கேட்டால் நகராட்சியே பயந்திருக்கும். ஊதுபத்தி கூடாது. கற்பூரம் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது. கொசுவர்த்தி கூடாது. மிளகாய் வறுக்கப் போன நாகரத்தினம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தி, மத்தியானம் எல்லாருக்கும் தயிர்சாதம் என்று அறிவித்தாள். அந்த அம்மா தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்துத் திட்டிவிட்டு, தானே தயிர்சாதம் பிசைந்துகொண்டு வந்தார்.

பின்சுவருக்கு அப்பால் உலை பிரமாதமாக எரிந்தது. சாயங்காலம் காற்று திரும்பி நேராக மாடிக்கே வந்தது. சுமதி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புகை வருகிறதே என்று தன் வாழ்க்கையில் அவள் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான்.

முடிவு பயங்கரமாக இருந்தது. அதாவது எங்களுக்குச் சாதகமாக இருந்தது. எல்லா அளவுகளும் அனுமதித்த வரம்பைத் தாண்டியிருந்தன. சுமதி குடியிருப்பு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். "ண்ணா, நம்ம காத்து ரொம்ப மோசமாம்" என்று அவள் போனில் சொன்னபோது பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி குரல். நானும் இங்கே கேசரி கிளறச் சொன்னேன். வாணி கேசரியைக் கிளறிக்கொண்டே, "இதுக்கெல்லாம் சந்தோஷப்படற குடும்பம் நம்மளாத்தான் இருக்கும்" என்றாள்.

7

பங்குனியில் நகராட்சிக் கூட்டம் நடந்தது. அறிக்கையை மதித்தார்கள். அவர்களைப் பற்றி இதை நான் மனப்பூர்வமாகச் சொல்லியாக வேண்டும், ஒரு வரி விடாமல் மதித்தார்கள். மேற்படி குடியிருப்பில் உள்ள காற்று மனிதர்கள் வசிக்கத் தகுதியற்றது என அறிவியல்பூர்வமாக நிரூபணம் ஆகியுள்ளது. பொதுமக்களின் உடல்நலனே முக்கியம். ஆகவே குடியிருப்பவர்களை உடனடியாக வேறு இடத்துக்கு மாற்றுவதெனத் தீர்மானிக்கப்படுகிறது. கட்டடத்தை இடித்துவிட்டு, காலியாகும் இடத்தை ஆலையின் விரிவாக்கத்துக்கும் பசுமை வளையத்துக்கும் ஒதுக்கலாம்.

மறுகட்டுமானத்தையும் உலையையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத் தேவைப்பட்ட கயிற்றை என் தங்கை ஒரு பகல் முழுக்க மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து திரித்துக் கொடுத்திருந்தாள்.

கூட்டத்தின் ஒளிப்பதிவை நான் பார்த்தேன். கவுன்சிலர், "எங்க மக்கள் ஆரோக்கியம்னு வந்துட்டா நாங்க விட்டுக்கொடுக்கவே மாட்டோம்" என்று உருகினார். மேசையைத் தட்டினார்கள். மாற்று வீடுகள் தருகிறார்களாம். இடம் பரிசீலனையில் இருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. யாரும் வீட்டைக் காலி செய்யக் கூடாது, சாவியைக் கொடுக்கக் கூடாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று குடியிருப்போர் குழுவில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பக்கம் பக்கமாகப் போட்டேன். அப்பா நின்ற முன்வாசலைப் பற்றி எழுதினேன். பலர் கும்பிடு போட்டார்கள், சிலர் இதயம் போட்டார்கள். சுமதி எதுவும் போடவில்லை. அதே வாரம் எங்கள் நகரசபையிலிருந்தும் கடிதம் வந்தது. பொதுமக்களின் பெருவாரியான ஆதரவோடு காலை வானம் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது என்று மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தார்கள்.

8

சித்திரையில் ஒருநாள் மதியம் சுமதியே கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம்.

"ண்ணா, நாங்க இப்ப அங்க இல்ல."

"எங்க இருக்கீங்க?"

"காவேரிப்பட்டினத்துல. அவங்கண்ணன் ஊட்டு மாடியில. போன வாரமே வந்துட்டோம். உங்கிட்ட சொன்னா சத்தம் போடுவேன்னு சொல்லல."

"வீட்டுச் சாவி?"

"குடுத்துட்டன்."

நான் சத்தம் போட்டேன். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்றேன். மாற்று வீடு எங்கே என்றுகூடத் தெரியாமல், ஒரு எதிர்ப்புக்கூடக் காட்டாமல், அவர்கள் நீட்டிய கையில் தூக்கி வைத்துவிட்டாயா என்றேன். வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டேன், நீ உள்ளே இருந்தால்தான் வழக்கு நிற்கும், வெளியே வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்றேன். முருகேசன் தினம் அங்கிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் எத்தனை நாள் போய்வருவார் என்றேன். அப்பா என்று ஆரம்பித்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"அப்பாவ இழுக்காதண்ணா. நானுந்தான் அங்க பொறந்து வளந்தன். பூட்டும்போது கையி வரல, ஊட்டுக்காரருதான் பூட்டுனாரு. நீ கேசு போடு, வேணாங்கல. சாட்சி சொல்லக் கூப்புட்டா வந்து நிக்கறன். ஆனா அந்த ஊட்டுக்குள்ள பாப்பாவ வெச்சிக்கிட்டு ஜெயிக்கறதுக்கு என்னால முடியல."

"அப்ப அவங்க நெனச்சதுதான நடந்துச்சு? ஆலை அங்கேயே இருக்கு, நீங்கதான வெளிய வந்தீங்க? இதுக்கா மாடியில உக்காந்து..." என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. சமையலறையிலிருந்து நிலா வந்து வாசலில் நின்றாள்.

"ண்ணா, கத்தாத. பாப்பா தூங்குது."

"இந்த நேரத்துலயா? உடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்குது. பக்கத்து ஊட்டுப் பசங்களோட வெயில்ல ஆடிட்டு வந்து அப்பிடியே படுத்துடுச்சி. தூங்கும்போது ஒரு சத்தமும் வரல ண்ணா. நான் பயந்துபோயி ரெண்டு தடவ கிட்ட போயி மூக்குக்கிட்ட வெரல வெச்சிப் பாத்துட்டன்."